விடைகொடுக்க விடுங்கள்

2020 டிசம்பரில் கொழும்பின் பொரளை மயான வேலியில் வெள்ளைத் துணிகள் தொங்கின. முஸ்லிம்கள் கட்டினார்கள், சிங்களரும் தமிழரும் வந்து கட்டினார்கள். கட்டியவை அகற்றப்பட்டபோது மறுபடியும் கட்டினார்கள். அதற்குச் சில நாள் முன்பு, பிறந்து 20 நாளே ஆன ஒரு குழந்தையின் உடலை, பெற்றோர் சம்மதிக்காத நிலையிலும் அங்கே எரித்திருந்தார்கள். குழந்தைக்குக் கொரோனா தொற்று என்று மருத்துவமனை சொல்லியிருந்தது. குடும்பம் முஸ்லிம் குடும்பம். அடக்கம் செய்வதற்கு முன் உடலைச் சுற்றும் கஃபன் துணி அந்தக் குழந்தைக்குக் கிடைக்கவில்லை என்பதால் ஊரார் அதை வேலிக்குச் சுற்றினார்கள்.

அன்று இலங்கையில் இருந்த விதி அது. 2020 மார்ச் இறுதியில் நீர்கொழும்பில் இறந்த ஒரு முஸ்லிமின் உடல் குடும்பத்தின் விருப்பத்தை மீறி எரிக்கப்பட்டது. ஏப்ரல் 11-ல் அதுவே வர்த்தமானியில் (அரசிதழில்) வந்த சட்டமானது: கொரோனாவில் இறந்தவர் யாராக இருந்தாலும் தகனம்தான். புதைத்தால் நிலத்தடி நீரில் வைரஸ் கலந்துவிடும் என்று காரணம் சொன்னார்கள். புதைக்கவும் செய்யலாம், எரிக்கவும் செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனம் மார்ச் 24-லேயே வழிகாட்டுதல் வெளியிட்டிருந்தது. இலங்கையில் பிறந்து ஹாங்காங்கில் பணியாற்றும் வைரஸ் ஆய்வாளர் மாலிக் பீரிஸ், புதைத்த உடலிலிருந்து இந்த வைரஸ் நீர்வழியே பரவும் என்ற அச்சத்துக்கு அடிப்படை இல்லை என்று விளக்கினார். இலங்கையின் மருத்துவச் சங்கமும் சமூக மருத்துவர் கல்லூரியும் அதையே சொன்னன. தகனத்தை எதிர்த்த மனுக்களை 2020 டிசம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம் காரணம் சொல்லாமல் தள்ளுபடி செய்தது. 2021 பிப்ரவரி இறுதியில்தான் அடக்கம் செய்ய அனுமதி வந்தது. முதலில் பாக் விரிகுடாவில் உள்ள இரணைதீவைக் காட்டினார்கள். அங்கே நெடுங்காலப் போராட்டத்துக்குப் பிறகு மீள்குடியேறிய மீனவத் தமிழர்கள் எதிர்த்தார்கள். பிறகு மட்டக்களப்பு மாவட்டம் ஓட்டமாவடியில் மஜ்மா நகர் தேர்வானது. கொழும்பில் தந்தையை இழந்தவர் தீவின் மறுகரைக்கு உடலை அனுப்ப வேண்டியிருந்தது.

இதை மதவுரிமை மறுப்பு என்றோ, சிறுபான்மையினர் மீதான பகை என்றோ சொல்வது சரிதான். ஆனால் அதோடு நின்றுவிட்டால் பாதியைத்தான் பார்த்தவர்களாவோம். இது ஒரு மனநலப் பேரிடர். தொற்றுக் கட்டுப்பாட்டையே பலவீனமாக்கிய தவறும் கூட. அறிகுறி தெரிந்தும் மருத்துவமனைக்கு வர அஞ்சியவர்கள் உண்டு; உள்ளே போனால் உடல் எரிந்துதான் வெளியே வரும் என்ற பயம். 2020 டிசம்பரில் கொழும்புப் பிணவறையில் கிடந்த உறவினரின் உடலை ஏற்க மறுத்த குடும்பங்கள் இருந்தன. கையெழுத்துப் போட்டால் எரிப்பதற்குச் சம்மதம் கொடுத்ததாகிவிடும் என்பதால் அவர்கள் கையெழுத்துப் போடவில்லை.

அந்தக் கையெழுத்து ஏன் அவ்வளவு கனத்தது? இஸ்லாத்தில் இறந்தவரைக் குளிப்பாட்டி, கஃபனிட்டு, ஜனாஸா தொழுது, அடக்கம் செய்வது சமூகத்தின் மீது விதிக்கப்பட்ட கடமை. சிலர் செய்தால் எல்லோர் சார்பிலும் நிறைவேறும். யாருமே செய்யாவிட்டால் எல்லோருக்கும் குற்றம். ஆகவே அடக்கம் மறுக்கப்பட்ட வீட்டில் துக்கம் துக்கமாக மட்டும் இருக்கவில்லை. 'அவருக்கு நான் செய்ய வேண்டியதைச் செய்யவில்லை' என்ற குற்றவுணர்வாக மாறியது. தலைமகன் கொள்ளி வைக்கவில்லை என்றாலும், வாய்க்கரிசி போட முடியவில்லை என்றாலும், நீர்மாலை எடுக்கவில்லை என்றாலும் நம் வீடுகளில் இதே குற்றவுணர்வு வரும். உயிர்த்தெழும் நாளை நம்பி மண்ணுக்குக் கொடுக்கும் கிறித்தவக் குடும்பத்துக்கும் பாதிரியாரின் செபம் இல்லாத அடக்கம் ஆறாத புண். சடங்கை நம்பாதவர்கள் இதைச் சிறிதாக நினைக்கலாம். நம்புகிறவருக்கு அது இறந்தவரோடு உள்ள கணக்கை நேர்செய்யும் கடைசி வாய்ப்பு.

மத நம்பிக்கையும் மனநலமும் என்று பேச்செடுத்தாலே, நம்பிக்கை உள்ளவர்கள் மன அமைதியோடு இருப்பார்கள் என்று ஒரு தரப்பும், மூடநம்பிக்கை நோயைப் பெருக்கும் என்று மறுதரப்பும் வாதிடத் தொடங்கிவிடும். ஆய்வுகள் அவ்வளவு எளிதாக எந்தப் பக்கமும் சாய்வதில்லை. அமெரிக்க உளவியலாளர் கென்னத் பார்கமெண்ட் வாழ்நாள் முழுவதும் இதைப் படித்தவர். துன்பத்தில் கடவுளைப் பற்றிக்கொள்வதில் இரண்டு விதம் உண்டு என்கிறார். 'கடவுள் என்னோடு இருக்கிறார், என் ஊர் எனக்காக வேண்டுகிறது' என்பது ஒன்று. 'கடவுள் என்னைத் தண்டிக்கிறார், என்னைக் கைவிட்டுவிட்டார்' என்பது மற்றொன்று. 2001-ல் அவரும் சகாக்களும் வெளியிட்ட ஆய்வில், மருத்துவமனையில் சேர்ந்திருந்த 55 வயதும் அதற்கு மேலும் ஆன 596 நோயாளிகளை இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். நோயின் கடுமையையும் மனச்சோர்வையும் கணக்கில் எடுத்துக்கொண்ட பிறகும், கடவுளோடு மனப் போராட்டத்தில் இருந்தவர்கள் இறக்கும் அபாயம் கூடியிருந்தது. கடவுள் தன்னைக் கைவிட்டதாக உணர்வது உயிருக்கே ஆபத்தாக முடியலாம் என்பதுதான் அதன் பொருள்.

அப்படியானால் கொள்ளைநோய்க் காலத்தில் நாம் கேட்க வேண்டிய கேள்வி, மக்களுக்கு நம்பிக்கை இருக்கிறதா என்பதல்ல. அந்த நம்பிக்கையை முதல் வகையில் நிறுத்துவது எது, இரண்டாம் வகைக்குத் தள்ளுவது எது? என் பார்வையில், இதைத் தீர்மானிக்கும் முக்கியமான இடங்களில் ஒன்று மருத்துவமனைப் பிணவறையின் வாசல்.

இலங்கை அரசு இதைத் தெரிந்துகொள்ள அதிகம் தேட வேண்டியிருக்கவில்லை. ஆறு ஆண்டுகளுக்கு முன்பே லைபீரியா இந்தப் பாடத்தைப் பெரும் விலை கொடுத்துக் கற்றிருந்தது. 2014-ல் எபோலா பரவியபோது இறந்த உடலே பெரிய ஆபத்தாக இருந்தது. கொரோனாவைப் போல் அல்ல. எபோலாவில் இறந்தவரின் உடலைத் தொட்டுக் குளிப்பாட்டியவர்கள் கூட்டம் கூட்டமாக நோயுற்றார்கள். ஆகவே ஆகஸ்ட் தொடக்கத்தில் தலைநகர் மன்ரோவியாவில் இறந்தவர் எல்லோரையும் எரிக்க உத்தரவு வந்தது. அந்த நாட்டில் தகனம் வழக்கமே இல்லை. அங்கு வாழ்ந்த இந்திய வம்சாவளி இந்துக்கள் தங்களுக்காகக் கட்டிவைத்திருந்த எரியூட்டுத் தளத்தைத்தான் அரசு பயன்படுத்தியது. லைபீரியாவில் மார்ச் மாதத்தின் இரண்டாவது புதன்கிழமை அரசு விடுமுறை. அன்று குடும்பங்கள் கல்லறைகளுக்குப் போய்ச் சுத்தம் செய்து, வெள்ளையடித்து, பூ வைப்பார்கள். எரித்துவிட்டால் எந்தக் கல்லறைக்குப் போவது? மக்கள் நோயாளிகளை வீட்டிலேயே ஒளித்தார்கள், உடல்களை இரவில் இரகசியமாகப் புதைத்தார்கள். சிகிச்சை மையங்களில் படுக்கைகள் காலியாகக் கிடந்தபோது, தகனத்தின் மீதான அச்சம் அதற்கு ஒரு காரணம் என்று சுகாதார அதிகாரிகளே சொன்னார்கள்.

2014 நவம்பரில் உலக சுகாதார நிறுவனம் நெறிமுறையை மாற்றி எழுதியது. கிறித்தவ, இஸ்லாமிய அமைப்புகளை உட்கார வைத்துப் பேசி எழுதினார்கள். பாதுகாப்பான அடக்கம் என்று மட்டும் இருந்ததை, பாதுகாப்பும் கண்ணியமும் உள்ள அடக்கம் என்று ஆக்கினார்கள். வீட்டுக்கு வரும் குழு பாதுகாப்பு உடையை மாட்டிக்கொண்டு நேரே உள்ளே நுழையக்கூடாது. முதலில் சாதாரண உடையில் வந்து, இரங்கல் சொல்லி, குடும்பத்தின் விருப்பத்தைக் கேட்க வேண்டும். குளிப்பாட்ட முடியாத முஸ்லிம் உடலுக்குத் தண்ணீரில்லாத தூய்மைச் சடங்கான தயம்மும் செய்யலாம், அதைப் பாதுகாப்பு உடை அணிந்த முஸ்லிம் ஒருவரே செய்யலாம், கஃபன் சுற்றலாம். குடும்பம் தள்ளி நின்று செபிக்கலாம், குழியில் மண் போடலாம், கல்லறையில் பெயர் எழுதலாம். அந்த ஆண்டு டிசம்பரில் மன்ரோவியாவுக்கு வெளியே டிஸ்கோ ஹில் என்ற இடத்தில் புதிய இடுகாடு திறந்து, தகனத்தை நிறுத்தினார்கள். ஏற்கெனவே எரித்தவர்களின் சாம்பலை 2015 மார்ச்சில் பீப்பாய்களில் அங்கேயே கொண்டுவந்து வைத்தார்கள், சடங்குடன்.

எபோலா உடலுக்கே இது முடிந்தது. கொரோனா உடலுக்கு முடியாமல் போக மருத்துவக் காரணம் எதுவும் இல்லை.

இலங்கையை மட்டும் சுட்டிவிட்டு நாம் ஒதுங்கிக்கொள்ள முடியாது. இந்தியாவில் விதி நன்றாகவே இருந்தது. 2020 மார்ச் 15-ல் மத்திய சுகாதாரத் துறை வெளியிட்ட வழிகாட்டுதலை இன்று எடுத்துப் படித்தால் வருத்தம்தான் வருகிறது. உடல் உறையின் முகப்பக்க ஜிப்பைத் திறந்து உறவினருக்குக் கடைசியாக முகம் காட்டலாம் என்று அதில் இருக்கிறது. வேதம் ஓதுவது, புனித நீர் தெளிப்பது போல உடலைத் தொடாத சடங்குகளைச் செய்யலாம் என்று இருக்கிறது. குளிப்பாட்டுவதும் கட்டிப்பிடிப்பதும் முத்தமிடுவதும்தான் கூடாது. சாம்பலால் ஆபத்தில்லை, அஸ்தி வாங்கிக்கொள்ளலாம் என்றும் சொல்கிறது. பெருந்தொற்று அறிவிக்கப்பட்டு நான்கே நாளில் இவ்வளவு கவனத்தோடு எழுதியிருக்கிறார்கள். ஆனால் 2021 மே மாதம் தமிழகத்தில் ஒரே நாளில் 36,000 பேருக்கு மேல் தொற்று உறுதியானபோது, எத்தனை குடும்பங்களுக்கு அந்த ஜிப் திறக்கப்பட்டது? மருத்துவமனையின் பின்வாசலில் சுற்றிக்கட்டிய ஒரு பொதியைக் காட்டி, ஆம்புலன்ஸைத் தொடர்ந்து வரச் சொன்னார்கள். மின்மயானத்தில் டோக்கன் வாங்கிக் காத்திருந்தார்கள். உள்ளே இருப்பது தன் அப்பாதானா என்ற சந்தேகத்தோடு வீடு திரும்பியவர்கள் இன்றும் நம்மிடையே இருக்கிறார்கள்.

பிணவறை ஊழியர்களை நான் குறை சொல்லவில்லை. மூன்று பேர் செய்ய வேண்டிய வேலையை ஒருவர் செய்தார். அவருக்கும் வீட்டில் பிள்ளைகள் இருந்தார்கள். குறை வேறிடத்தில் இருக்கிறது. முகம் காட்டுவது ஒரு பணி என்று கருதி அதற்கு ஆளும் இடமும் நேரமும் யாரும் ஒதுக்கவில்லை. செய்யலாம் என்று எழுதிய தாள், செய்ய ஆளில்லாததால் செய்யக்கூடாது என்றாகிப்போனது.

அச்சம் எவ்வளவு தூரம் போகும் என்பதை அதற்கு ஓராண்டு முன்பே சென்னை பார்த்திருந்தது. 2020 ஏப்ரல் 19 அன்று கொரோனாவில் இறந்த நரம்பியல் அறுவை மருத்துவர் சைமன் ஹெர்குலிஸின் உடலைக் கீழ்ப்பாக்கத்தில் புதைக்க விடவில்லை. வேலங்காட்டுக்குக் கொண்டுபோனபோது கல்லும் கட்டையும் கொண்டு ஆம்புலன்ஸைத் தாக்கினார்கள். மனைவியும் மகனும் அங்கிருந்து ஓட வேண்டியதாயிற்று. நள்ளிரவுக்குப் பிறகு நண்பரான ஒரு மருத்துவரும் ஊழியர்களும் திரும்பிவந்து குழியை மூடினார்கள். கண்ணியமான அடக்கம் அரசமைப்பின் 21-ஆவது கூறில் அடங்கிய உரிமை என்று கூறி மறுநாளே சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கை எடுத்தது. ஏப்ரல் 26-ல் தமிழக அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்தது: அறிவிக்கப்பட்ட தொற்றில் இறந்தவரின் அடக்கத்தைத் தடுத்தால் மூன்றாண்டு வரை சிறை. பாராட்ட வேண்டிய வேகம். ஆனால் தண்டனைச் சட்டம் கூட்டத்தைத் தடுக்குமே தவிர, குடும்பத்தை உள்ளே அழைத்துவந்து நிறுத்தாது.

அந்த இடைவெளியை நிரப்பியவர்கள் யார் என்று பார்த்தால் மனம் நெகிழ்கிறது. 2020 மார்ச் கடைசியில் டெல்லி நிஜாமுதீன் தப்லீக் ஜமாஅத் மாநாட்டுக்குப் போய்வந்தவர்களால்தான் நோய் வந்தது என்று நாடு முழுவதும் பழி கிளம்பியது. தள்ளுவண்டியில் காய்கறி விற்ற முஸ்லிம்களின் பெயரைக் கேட்டுத் திருப்பி அனுப்பிய ஊர்கள் இருந்தன. நோய்க்கு மதச்சாயம் பூசக் கூடாது என்று தமிழக அரசு கேட்டுக்கொண்டு, மாநாட்டின் பெயரைச் சொல்லாமல் தினசரி அறிக்கை தரத் தொடங்கியது. அது சரியான முடிவு. அந்த மாநாடு தொடர்பான வழக்குகளில் சிக்கிய வெளிநாட்டினர் பலிகடா ஆக்கப்பட்டார்கள் என்று 2020 ஆகஸ்டில் மும்பை உயர் நீதிமன்றத்தின் ஔரங்காபாத் அமர்வு சொன்னது. அப்படிப் பழி சுமந்த சமூகமே முன்வந்தது: இரண்டாம் அலையில், உறவினர் அஞ்சி நின்ற உடல்களை எடுத்துச் சென்றவர்களில் தமிழ்நாடு முஸ்லிம் முன்னேற்றக் கழகம் போன்ற அமைப்புகளின் தொண்டர்கள் முன்னணியில் இருந்தார்கள். இந்து உடலை மயானத்துக்கு, கிறித்தவ உடலைக் கல்லறைத் தோட்டத்துக்கு என்று அவரவர் முறைப்படி கொண்டுபோனார்கள். இறந்தவருக்குச் செய்வது சமூகக் கடமை என்ற அதே நம்பிக்கைதான் அவர்களை அங்கே நிறுத்தியது. அந்த நாட்களில் நம்பிக்கை செய்த உருப்படியான வேலைகளில் இதற்கு நிகராக எனக்கு அதிகம் தோன்றவில்லை.

நம்பிக்கை எப்போதும் இவ்வளவு நல்லவிதமாக நடந்துகொள்ளவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். 2021 ஏப்ரலில் ஹரித்வார் கும்பமேளாவில் ஒரே நாளில் லட்சக்கணக்கானோர் நீராடினார்கள். அதற்குள் நாட்டில் இரண்டாம் அலை எழுந்துவிட்டது. இனி அடையாளமாக மட்டும் நடத்துங்கள் என்று பிரதமர் கேட்டது ஏப்ரல் 17-ல்தான். முந்தைய ஆண்டு ஒரு மாநாட்டுக்குக் காட்டிய கடுமையில் ஒரு பங்கு கூட இதற்கு இல்லை. தொற்று வந்தவரைப் பாவி என்று பேசிய பிரசங்கங்களும், தடுப்பூசியைப் பற்றி அச்சம் பரப்பிய மதக் குரல்களும் எல்லாத் தரப்பிலும் இருந்தன. நோயாளியின் காதில் அவை விழும்போது பார்கமெண்ட் சொன்ன இரண்டாம் வகைக்கு அவரைத் தள்ளிவிடுகின்றன. மூச்சுத் திணறலோடு கிடப்பவருக்கு அந்தச் சுமையை ஏற்றியவர்களை மன்னிக்க எனக்கு மனம் வரவில்லை.

இருந்தாலும், சடங்கு வளையாதது, பக்தர்கள் கேட்க மாட்டார்கள் என்று அதிகாரிகள் சொல்லும்போது என்னால் ஒப்புக்கொள்ள முடிவதில்லை. 2020 மே 4-ல் மதுரையில் மீனாட்சி திருக்கல்யாணம் பக்தர் இல்லாமல் நடந்தது. அந்த முகூர்த்தத்தில் கோயிலில் நின்று தாலிக்கயிறு மாற்றிக்கொள்ளும் பெண்கள், கோயில் அறிவித்த நேரத்தில் வீட்டிலேயே, நேரலையைப் பார்த்தபடி மாற்றிக்கொண்டார்கள். அந்த ஆண்டு நோன்புக் கஞ்சிக்கு அரசு தந்த அரிசி பள்ளிவாசல் அண்டாவில் வேகாமல் வீடுகளுக்குப் போனது. வேளாங்கண்ணிக் கொடியேற்றம் கூட்டமில்லாமல் நடந்தது. எங்கும் கலவரம் இல்லை. இந்த மாற்றத்தைக் காவல் நிலையம் அறிவித்திருந்தால் எப்படி எடுத்துக்கொண்டிருப்பார்களோ, எனக்குச் சந்தேகம்தான். கோயிலும் ஜமாஅத்தும் மறைமாவட்டமும் அறிவித்ததால் அது கட்டுப்பாடாகத் தோன்றாமல் அந்த ஆண்டின் வழிபாடாகவே ஆகிவிட்டது.

நோய்க் கட்டுப்பாடு வழிபாடாகவே நடப்பது நம் ஊருக்குப் புதிதும் அல்ல. பெரியம்மை உயிரெடுத்த நூற்றாண்டுகளில், அம்மை கண்ட வீட்டு வாசலில் வேப்பிலை செருகுவார்கள். வெளியாள் உள்ளே வரமாட்டார். வீட்டார் விசேஷங்களுக்குப் போகமாட்டார்கள். தாளிப்பு கிடையாது; கூழும் இளநீரும்தான். நோயாளியைத் தனிப்பாயில் படுக்கவைத்து ஒருவர் மட்டும் பார்த்துக்கொள்வார். மூன்று முறை தண்ணீர் ஊற்றிய பிறகுதான் வீடு சகஜமாகும். அந்த நாட்களில் நோயாளி ஒதுக்கப்பட்டவர் இல்லை. அம்மன் வந்து இறங்கியிருக்கும் உடல், மரியாதையோடு பேச வேண்டிய உடல். தனிமைப்படுத்தலை அவமானம் இல்லாமல் நடத்திக்காட்டிய முறை அது. அம்மை குத்திக்கொண்டால் அம்மன் கோபித்துக்கொள்வாள் என்று தடுப்பூசிக்குப் பயந்ததும் அதே நம்பிக்கைதான். மாரியம்மன் பெரியம்மையை ஒழிக்கவில்லை, தடுப்பூசிதான் ஒழித்தது. ஆனால் 2020-ல் வாசலில் தகரம் அடித்து, வீட்டுச் சுவரில் அறிவிப்பு ஒட்டி, தெருவே ஒதுக்கிவைத்த குடும்பங்களின் நினைவு வரும்போது, வேப்பிலைக் கொத்துக்கும் அந்தத் தகரத்துக்கும் உள்ள தூரத்தைச் சுகாதாரத் துறை யோசித்துப் பார்க்கத்தான் வேண்டும். கோவைக்கு அருகே இருகூரில் 2021-ல் 'கொரோனா தேவி' சிலை வைத்து 48 நாள் வேள்வி நடத்தியபோது பலர் சிரித்தார்கள். பக்தர்களை உள்ளே விடாமல்தான் அதை நடத்தினார்கள் என்பதைச் சிரித்தவர்கள் கவனிக்கவில்லை.

அடுத்த கொள்ளைநோய் எப்போது வரும் என்று தெரியாது. நெறிமுறையை இப்போதே எழுதிவைக்கலாம். ஒவ்வொரு மாவட்ட மருத்துவமனையிலும் பிணவறையை ஒட்டி, கண்ணாடித் தடுப்புள்ள ஒரு சிறு அறை வேண்டும். குடும்பத்தில் இருவராவது முகம் பார்ப்பதற்குக் குறைந்தபட்ச நேரம் இவ்வளவு என்று எழுத வேண்டும். பாதுகாப்பு உடை அணிந்து சடங்கின் அவசியமான பகுதியைச் செய்யப் பயிற்சி பெற்ற பூசாரி, இமாம், பாதிரியார், மதச் சடங்கு விரும்பாதோர்க்கு ஒரு தோழர் என்று மாவட்டவாரியாகப் பட்டியல் தயாராக இருக்க வேண்டும். நோய் வந்த பிறகு இவர்களைத் தேடினால் 2021 மே திரும்பத்தான் செய்யும். இதற்குப் பெரிய பணம் வேண்டாம். எழுதியதைச் செய்ய ஒருவரை நியமித்தால் போதும்.

இலங்கை அமைச்சரவை 2024 ஜூலையில் கட்டாயத் தகனத்துக்காக மன்னிப்புக் கேட்டது. நான்கு ஆண்டு தாமதம்தான். ஆனாலும் அரசு செய்தது தவறு என்ற ஒப்புதல், 'நான் செய்யத் தவறிவிட்டேன்' என்று தன்னையே நொந்துகொண்டிருக்கும் மகனுக்குச் சின்ன விடுதலை. நம் அரசு அப்படி எதையும் தடை செய்யவில்லை என்பதால் இங்கே மன்னிப்பு என்ற பேச்சே எழவில்லை. அதனால் முகம் பார்க்காத குடும்பங்கள் கணக்கிலேயே இல்லை. நீடித்த துயரத்தை ஒரு மனநலக் குறைபாடாக உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலே இன்று ஏற்கிறது. 14416 என்ற தொலைபேசி எண்ணில் தமிழில் பேச ஆலோசகர்கள் இருக்கிறார்கள். மாவட்ட மனநலத் திட்டமும் இருக்கிறது. ஆனால் ஐந்தாண்டு கழித்துத் தானாகப் போன் போட்டு 'என் அப்பாவுக்குக் கொள்ளி வைக்கவில்லை' என்று சொல்பவர் அரிது. தமிழக அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை கொடுக்க மகளிர் தன்னார்வலர்கள் ஏற்கெனவே வீடு வீடாகப் போகிறார்கள். கொரோனாவில் இந்த வீட்டில் யாரையாவது இழந்தீர்களா, அவருக்குச் செய்ய வேண்டியதைச் செய்ய முடிந்ததா என்று அவர்கள் கேட்கலாம். இல்லை என்று சொல்லும் வீட்டின் விவரம் மாவட்ட மனநலக் குழுவுக்குப் போய்ச் சேர, அவர்கள் கையில் இருக்கும் பதிவேட்டில் இன்னும் ஒரு கட்டம் சேர்க்க வேண்டும்.